மரத்தை நம்பித் தொங்குபவர்

பிரிட்டனில் மரச் சிகிச்சையாளராக வேலை பார்ப்பவர் காலையில் வண்டியிலிருந்து இறக்கும் சாமான்களில் பாதி மலையேறுபவரிடமும் மீதி மரம் வெட்டுபவரிடமும் இருக்க வேண்டியவை. உடலில் மாட்டும் ஹார்னஸ், நூறடிக்கு மேல் நீளும் கயிறுகள், இரும்புக் கொக்கிகள், தாடைப்பட்டி வைத்த ஹெல்மெட், கைவாள், சிறிய செயின்சா. பார்ப்பவர்களுக்கு இது துணிச்சலும் தோள்வலுவும் கேட்கும் வேலை என்றே தோன்றும். தொழிலில் சேர வரும் இளைஞர்களில் பலரும் அப்படி நினைத்துத்தான் வருகிறார்கள். ஆனால் இத்தொழிலின் பயிற்சியையும் கருவிகளையும் பாதுகாப்பு விதிகளையும் சற்று அலசினால், அவற்றில் பெரும்பாலானவை ஒரே தாவரவியல் உண்மையைச் சுற்றி நிற்பது புரியும்: மரத்துக்குப் பட்ட காயம் ஒருநாளும் ஆறுவதில்லை. மரத்தின் ஆயுள், அதில் ஏறுபவரின் உயிர், அடியில் நடந்துபோகிறவரின் உயிர் மூன்றும் இந்த உண்மையைப் புரிந்துகொள்வதைப் பொறுத்தவை. மரப் பராமரிப்பு ஒரு துறை, தொழிலாளர் பாதுகாப்பு வேறொரு துறை என்று பிரித்து வைத்தால் இரண்டுமே கெடும் என்பது என் கட்சி.

மனிதத் தோலில் வெட்டு விழுந்தால் அதே இடத்தில் புதுத் திசு வளர்ந்து சேதத்தைச் சரிசெய்கிறது. மரத்துக்கு அந்த வசதி கிடையாது. கட்டையாகிவிட்ட திசுவைக் கழித்துவிட்டுப் புதியதை அங்கே வைக்க அதனால் முடியாது. பட்டைக்கு அடியிலுள்ள கேம்பியம் என்னும் மெல்லிய படலம் பழைய கட்டையின்மேல் புதுப்புது வளையங்களைப் போர்த்திக்கொண்டே போகும், அவ்வளவுதான். அதனால் காயப்பட்ட பகுதியை மரம் உள்ளேயே அடைத்துச் சிறைவைக்கிறது. 1950களின் இறுதியில் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ, ஒற்றை ஆள் கையாளக்கூடிய செயின்சா புழக்கத்துக்கு வந்திருந்ததைப் பயன்படுத்தி, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் பிளந்து பார்த்தார். குறுக்கே அறுத்துப் பார்த்தபோது தெளிவாகத் தெரியாத ஒன்று அதில் தெரிந்தது. அழுகல் கண்டபடி பரவவில்லை; எல்லை கட்டப்பட்ட நீண்ட தூணாக நின்றது. 1977-இல் வெளியான அவருடைய விளக்கம் நான்கு தடுப்புச் சுவர்களைப் பற்றிப் பேசுகிறது. நீர்க்குழாய்கள் மேலும் கீழும் அடைபடுவது முதல் சுவர். நான்கிலும் பலவீனமானது இதுதான், அழுகல் தூணாக நீள்வதும் இதனால்தான். ஆண்டு வளையங்களின் இறுகிய விளிம்பு இரண்டாவது, ஆரக்கதிர்த் திசு மூன்றாவது. காயத்துக்குப் பிறகு கேம்பியம் புதிதாகக் கட்டும் வேதிப்பொருள் செறிந்த படலம் நான்காவது. இது மிக வலுவானது. அந்தப் படலத்துக்கு வெளியே வளரும் கட்டை சுத்தமாக இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட கட்டை, மரம் சாகும்வரை காயப்பட்டதாகவே கிடக்கும்.

எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்ற கேள்விகளுக்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது. கிளை தண்டோடு சேருமிடத்தில் லேசாக உப்பிய ஒரு கழுத்துப் பகுதி தெரியும். தண்டின் திசுவும் கிளையின் திசுவும் பின்னிக்கிடக்கும் அந்த இடத்தில்தான் மரம் தன் தடுப்பை எழுப்புகிறது. அழகாக இருக்கட்டும் என்று தண்டோடு ஒட்ட வழித்து வெட்டினால் தடுப்பையே வெட்டியெறிந்ததாகும். அரையடி முளையாக விட்டுவிட்டாலும் கேடுதான். அந்த முளை செத்து அழுகி, பூஞ்சைக்கு உள்ளே போக வழிவிடும். கழுத்துக்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். அதிலும் முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டு, பிறகு அதற்கு அப்பால் மேலிருந்து ஒரு வெட்டு, பாரம் இறங்கிய பின் கழுத்தருகே மூன்றாவது வெட்டு என்ற வரிசை தவறக் கூடாது. தவறினால் விழும் கிளை பட்டையைத் தண்டுவரை உரித்துக்கொண்டு போகும். வெட்டின் அளவும் முக்கியம். நன்றாக அடைக்கும் இனங்களில் 10 செ.மீ. விட்டத்துக்கும், மோசமாக அடைக்கும் இனங்களில் 5 செ.மீ. விட்டத்துக்கும் மேற்பட்ட வெட்டுகளைத் தவிர்க்கச் சொல்கின்றன ஜெர்மனியின் மரப் பராமரிப்பு விதிகள். பருத்த கிளையின் நடுவிலுள்ள வைரம் பாய்ந்த கட்டை இறந்த திசு. அதனால் புதிதாக எதிர்த்து நிற்க இயலாது. 1901-இல் ‘தி ட்ரீ டாக்டர்’ எழுதிய ஜான் டேவியின் காலத்தில் பொந்தைச் சுரண்டிச் சிமென்ட் பூசி அடைப்பது பெரிய சிகிச்சையாகக் கருதப்பட்டது. அப்படிச் சுரண்டியதில் மரம் எழுப்பியிருந்த சுவரே பெயர்ந்துபோனது. வெட்டுவாயில் தாரும் பெயின்டும் பூசுவதும் அழுகலைத் தடுப்பதில்லை. நோய் பரப்பும் வண்டுகள் வெட்டுவாயை மொய்க்கும் சில நோய்களில், உதாரணமாக அமெரிக்க ஓக் வாடல் நோயில், பூச்சுக்குப் பயன் உண்டு. அதைப் பொதுவிதியாக்க முடியாது.

மரத்தை மொட்டையடித்தால் என்ன, ஆறே மாதத்தில் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்துவிடுகிறதே என்பது நம் ஊரில் மட்டுமல்ல, லண்டனின் புறநகர்களிலும் கேட்கும் வாதம். துளிர்ப்பது உண்மை. அதை ஆரோக்கியத்தின் அடையாளமாகக் கொள்வதுதான் பிழை. இலைகளை ஒரே நாளில் இழந்த மரம், கட்டைக்குள் சேமித்த மாவுச்சத்தை எடுத்துத் துளிர்களை அவசரமாகத் தள்ளுகிறது. அந்த மாவுச்சத்தை வைத்திருக்கும் உயிருள்ள செல்களேதான் காயத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டவும் வேண்டும். மொட்டையடித்த மரத்தில் இவ்விரு செலவும் ஒரே கையிருப்பின்மீது விழுகின்றன. புதுக்கிளைகளின் பிடிமானம் இன்னும் மோசம். இயல்பாக வளர்ந்த கிளை தண்டின் நடுவிலிருந்தே புறப்படுகிறது. ஆண்டுதோறும் தண்டின் வளையங்கள் அதைச் சுற்றிப் பூட்டிக்கொண்டே வருகின்றன. மொட்டையடித்த பின் வரும் துளிரோ பட்டைக்குச் சற்று அடியில் உறங்கிய மொட்டிலிருந்து கிளம்புவது. வெளிவளையங்கள் சிலவற்றில் மட்டுமே அதற்குப் பிடி உண்டு, கீழே இருப்பதோ அழுகத் தொடங்கிய வெட்டுமுனை. பத்துப் பதினைந்து ஆண்டில் தொடைப் பருமனாகிக் காற்றில் முறிந்து விழுவது பெரும்பாலும் இத்தகைய கிளைதான். அது விழுந்ததும், ஆபத்தான மரம் என்று மொத்தமாகவே வெட்டிவிடுகிறார்கள். ஆபத்தை உண்டாக்கியது பழைய அரிவாள் வெட்டு என்பதை நினைத்துப் பார்க்க அப்போது யாரும் இருப்பதில்லை.

இதையே ஏறுபவரின் பக்கமிருந்து பார்க்கலாம். அவர் தன் கயிற்றை மாட்டும் கிளைதான் அவருடைய உத்திரம். அதன் வலு எந்த அட்டவணையிலும் எழுதப்பட்டிருக்காது. அதனால் தரையை விட்டு எழும்புமுன் மரத்தைப் படிப்பது வேலையின் முதல் கட்டம். பொந்து என்றாலே பயப்பட வேண்டியதில்லை. வளைவைத் தாங்குவதில் தண்டின் நடுப்பகுதிக்குப் பங்கு மிகக் குறைவு. சைக்கிளின் சட்டம் குழாயாக இருப்பதும் அதனால்தான். விட்டத்தில் பாதிவரை உள்ளீடற்றுப்போன தண்டு தன் வளைவுத் தாங்குதிறனில் ஏறக்குறைய 6 சதவீதத்தை மட்டுமே இழக்கிறது. பொந்து 70 சதவீதமானால் இழப்பு 24 சதவீதம். அதற்கு மேல் இழப்பு கிடுகிடுவென ஏறும், மெல்லிய ஓடு நசுங்கும் அபாயமும் சேரும். பொந்து ஒரு பக்கம் வாய்திறந்திருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. இரண்டு சமமான தண்டுகள் குறுகிய கவட்டையாகப் பிரியும் இடத்தில் பட்டை உள்நோக்கி மடிந்திருந்தால், அங்கே கட்டையோடு கட்டை சேரவேயில்லை என்று பொருள். அடித்தண்டில் காளான் முளைத்திருந்தால் அது எந்த இனம் என்பது முக்கியம். சில பூஞ்சைகள் கட்டையை முதலில் வளையும்படி இளக்கும்; பீச் மரத்தைத் தாக்கும் கிரெட்ஷ்மேரியா போன்றவை அது முன்னறிவிப்பின்றிச் சட்டென முறியும்படி நொறுங்கவைக்கும். மரச்சுத்தியலால் தட்டி ஓசை கேட்பதிலிருந்து, ஊசி போன்ற துரப்பணத்தைச் செலுத்தி எதிர்ப்பை வரைபடமாக்கும் கருவிவரை இந்த வாசிப்புக்கு உதவும் சாதனங்கள் பல. எது கையிலிருந்தாலும், முற்காலத்தில் யாரோ செய்த மோசமான வெட்டின் விளைவைப் பல சமயம் அது காட்டிக்கொடுக்கும்.

பெரிய மரத்தைத் துண்டு துண்டாக இறக்கும்போது இந்த வாசிப்பு தவறினால் விலை அதிகம். 40 செ.மீ. விட்டமும் 80 செ.மீ. நீளமும் உள்ள பச்சைக்கட்டை சுமார் 100 கிலோ இருக்கும். கீழே வீட்டுக்கூரை இருந்தால் அதைக் கயிற்றில் கட்டி, எஞ்சிய தண்டில் மாட்டிய கப்பி வழியாக இறக்குவார்கள். வெட்டுப்பட்ட கட்டை 2 மீட்டர் தடையின்றி விழுந்து, கயிறு அதை அரை மீட்டருக்குள் நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கயிற்றின்மேல் சராசரியாகவே எடையின் ஐந்து மடங்கு, அதாவது 500 கிலோ பாரம் விழுகிறது. உச்சத்தில் அதைவிடக் கூடுதல். கப்பியைத் தாங்கும் தண்டுக்கோ கயிற்றின் இரு பக்க இழுப்பும் சேர்ந்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதே தண்டில்தான் வெட்டியவரும் தன்னைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். தரையில் கயிற்றைப் பிடித்திருப்பவர் அதை மெல்ல ஓடவிட்டு நிறுத்தினால் இந்தப் பாரம் பெரிதும் குறையும். மேலே இருப்பவரின் உயிர் கீழே இருப்பவரின் கைப்பக்குவத்தில் இருக்கிறது என்பது இங்கே வெறும் இயற்பியல்.

கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் விலையையும் நிறுவனப் பெயர்களையும் அடுக்குவது வழக்கம். ஒவ்வொன்றும் எந்தப் பிழையை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது என்று பார்ப்பது மேல். செயின்சாவின் சங்கிலி நொடிக்கு 20 மீட்டரையும் தாண்டும். சங்கிலி ஓடும் தகட்டு நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் இயந்திரம் முகத்தை நோக்கித் துள்ளும். அப்போது சங்கிலியை நிறுத்த முன்பிடிக்கு முன்னால் ஒரு பிரேக் உண்டு. இரு கைகளாலும் பிடிக்க வேண்டும் என்ற விதியும் இந்தத் துள்ளலை எண்ணித்தான். மரத்தின்மேல் ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுக்கும் ஆசையை அடக்குவது பயிற்சியின் கடினமான பாடம். செயின்சா கால்சட்டை சங்கிலியைத் தடுக்கும் கவசம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது கிழிவதற்கென்றே தைத்தது: உள்ளிருந்து நீளமான இழைகள் உருவப்பட்டுச் சங்கிலிச் சக்கரத்தில் சிக்கி அதை நிறுத்திவிடும். இழுவிசையில் இருக்கும் கயிற்றில் கூரான கைவாள் உரசினாலே போதும், அறுந்துவிடும். ஆகவே வாளை எடுக்கும் நேரத்தில் ஏறுகயிற்றோடு இடுப்பிலிருந்து இரண்டாவது கட்டும் தண்டைச் சுற்றியிருக்க வேண்டும். அதில் எஃகுக் கம்பி உள்ளீடு இருப்பது நல்லது, மின்கம்பி அருகில் அதுவே தீமை. கயிறு கிளைமேல் உரசாமல் வளையம் வைத்த பட்டை ஒன்றைப் போட்டு அதன் வழியாகச் செலுத்துவார்கள். கயிற்றைக் காப்பது போலவே கேம்பியத்தையும் காப்பது அதன் வேலை. காலில் கட்டும் இரும்பு முள்ளை வெட்டியகற்றப்போகும் மரத்தில் மட்டுமே பயன்படுத்துவார்கள். வாழப்போகும் மரத்தில் ஒவ்வொரு குத்தும் ஒரு காயம்.

பிரிட்டிஷ் பயிற்சி முறையில் எனக்கு மிகவும் அறிவுள்ளதாகப் படுவது ஒரு சிறு ஏற்பாடு. செயின்சாவைப் பராமரிப்பதற்கும் தரையில் மரம் வீழ்த்துவதற்கும் தனித்தனித் தேர்வுகள் உண்டு; ஏறும் பயிற்சி இன்னொன்று. அங்கே ஏறுவதற்கும் மேலே மாட்டிக்கொண்டவரை இறக்குவதற்கும் சேர்த்து ஒரே சான்றிதழ்தான். மீட்கத் தெரியாதவருக்கு ஏறத் தெரியும் என்று யாரும் கையெழுத்திட மாட்டார்கள். கயிற்றில் தொங்கியபடி செயின்சா பிடிப்பது அதற்கும் அடுத்த படி. இந்தக் கண்டிப்புக்கு உடலியல் காரணம் உண்டு. ஹார்னஸில் நினைவிழந்து நிமிர்ந்து தொங்குபவருக்கு இரத்தம் கால்களில் தேங்கி இதயத்துக்குத் திரும்புவது குறையும். தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் கீழே நிற்பவர் வெறும் உதவியாளாக இருக்க முடியாது. ஏறத் தெரிந்த, ஹார்னஸும் கயிறும் தயாராக வைத்த இன்னொருவர் அங்கே இருந்தாக வேண்டும். ஆளைத் தூக்கும் சாதனங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவர் பரிசோதிக்க வேண்டும் என்பதும் அங்கே 1998 முதல் சட்டம்.

பாதுகாப்பு விதிகள் வேலையைத் தாமதமாக்குகின்றன, தாமதமே ஆபத்து என்று தொழிலுக்குள்ளிருந்தே ஒரு குரல் எழுவதுண்டு. 2020-ஐ ஒட்டி பிரிட்டனில் இரண்டு தனித்தனிப் பிடிகளில் இரண்டு கயிறுகள் என்பது பொதுவிதியானபோது இந்தக் குரல் உரக்கவே கேட்டது. இரண்டாவது கயிறு கிளைகளில் சிக்கும், கவனத்தைச் சிதறடிக்கும், மேலே இருக்கும் நேரத்தை நீட்டும் என்றார்கள். இதில் ஓரளவு நியாயம் உண்டு. இரண்டாவது கயிறே கூடுதல் ஆபத்தாகும் இடங்களில் காரணம் எழுதிவைத்து ஒன்றோடு வேலை செய்ய விதியும் இடமளிக்கிறது. இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் என் வாதத்துக்கே எதிரானது: மரத்தைப் படிப்பதுதான் பாதுகாப்பின் அடிப்படை என்றால், படித்தறிந்தவருக்கு இரண்டாவது கயிறு எதற்கு? ஏனென்றால் இந்த வாசிப்பு நிகழ்தகவைத்தான் தரும், உறுதியைத் தராது. தண்டைத் தட்டிப் பார்க்கலாம். வேரைப் பார்க்க முடியாது. பெரும்பாலான வேர்கள் மண்ணின் மேல் ஒரு மீட்டருக்குள்ளேயே பரவியிருப்பவை, வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது முதலில் வெட்டுப்படுபவை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது வேரோடு சாய்ந்த மரங்கள் ஏராளம். அவற்றில் பலவற்றின் கிளைகளில் அதற்கு முந்தைய நாள்வரை எந்தக் குறையும் தெரிந்திருக்காது. தன் அறிவின் எல்லை எது என்று தெரிந்தவர்தான் இரண்டாவது கயிற்றைக் கட்டுகிறார்.

எந்தக் கருவியும் சான்றிதழும் இல்லாமல் தளைநாரோடு பனையேறியவர்கள் நம்மவர்கள்தானே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவர்கள் பயிற்சியில்லாதவர்கள் அல்லர். சிறு வயதிலேயே தொடங்கி ஒரே இனத்து மரத்தில் நாளுக்கு இருமுறை ஏறிப் பெற்ற பயிற்சி எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததன்று. ஆனால் அந்தத் திறமை விழுபவரைக் காப்பாற்றியதில்லை என்பதைப் பனங்காட்டு ஊர்களில் விசாரித்தாலே தெரியும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்று பயிற்சி தொடங்கி, ஏறும் கருவியும் காப்பீடும் கொடுத்தது. தாவரவியலும் இங்கே வேறுபடுகிறது. பனைக்கும் தென்னைக்கும் கேம்பியம் கிடையாது. காயத்தின்மேல் புதுவளையம் போர்த்த அவற்றுக்கு வழியே இல்லை. ஏறுவதற்காகத் தென்னையில் கொத்திய படி அந்த மரம் இருக்கும்வரை அப்படியே இருக்கும். பச்சைக் காயத்தின் வாசனை சிவப்புக் கூன்வண்டையும் அழைத்துவரும். பனையேறியின் திறமையை வேம்புக்கும் தூங்குமூஞ்சிக்கும் அப்படியே கொண்டுபோக முடியாது. கிளைவிடும் மரத்தில் ஒவ்வொரு பிடியும் புதிய கேள்வி.

கூடை வைத்த ஹைட்ராலிக் ஏணி வண்டி வந்தபின் ஏறுவதே தேவையில்லை என்பாரும் உண்டு. வண்டி போகும் இடத்தில் அதுவே சிறந்தது. 2012-இல் பிரிட்டனில் உறுதிசெய்யப்பட்ட ஆஷ் மரக் கருகல் நோய் இதன் தேவையைக் கூட்டியது. அந்த நோய்க்குக் காரணமான பூஞ்சை தாக்கிய மரங்களின் கட்டை நொறுங்கும் தன்மை பெறுவதால், கிளைப்பரப்பு பெருமளவு செத்துப்போன ஆஷ் மரத்தில் கயிறு மாட்டி ஏறுவதைக் கூடியவரை தவிர்க்கிறார்கள். ஆனால் எந்த மரத்தில் ஏறக் கூடாது என்று சொல்லவும் மரத்தைப் படிக்கத் தெரிந்தவர் தேவை. கொல்லைப்புறத்து மாமரத்துக்கு வண்டி போகாது என்பது தனி.

நம் ஊரில் மாற வேண்டியதில் கருவியைவிடக் கூலி முறைக்கு முதலிடம் தருவேன். வெட்டிய கட்டையை எடுத்துக்கொள்ளலாம் என்று பேசித்தான் பல இடங்களில் கிளை வெட்ட ஆள் வருகிறார்கள். விறகே கூலியானால் பருத்த கிளையை வெட்டத்தான் கை போகும். மெல்லிய கிளைகளைப் பொறுக்கி எடுப்பதில் அவருக்கு எந்த இலாபமும் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் மின்தடை அறிவித்து மின்கம்பிக்கு அடியிலுள்ள மரங்களை வெட்டும் வேலையும் இப்படித்தான்: நாள் முடிவதற்குள் எத்தனை தெருவை முடித்தோம் என்பதே அங்கே அளவு. கம்பிக்கு இடைவெளி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கம்பியை நோக்கிப் போகும் கிளையை அதன் கழுத்தில் எடுத்துவிட்டு மற்றவற்றை விட்டுவைத்தாலும் அதே இடைவெளி கிடைக்கும், மறுவருடத் துளிரும் குறையும். உங்கள் வீட்டு மரத்துக்கு அடுத்த முறை ஆள் அழைக்கும்போது கட்டையை நீங்களே வைத்துக்கொண்டு முழுக் கூலியைப் பணமாகக் கொடுங்கள். வெட்டு எங்கே விழும் என்று கிளை கிளையாகக் காட்டச் சொல்லுங்கள். மேலே இருப்பவர் மயங்கித் தொங்கினால் யார் ஏறி இறக்குவது என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் வராவிட்டால் அன்றைக்கு வேலையைத் தொடங்க விடாதீர்கள்.